பாலுக்குப் பாயிண்ட் பார்க்கிறார்கள், தீவன மூட்டைக்குப் பாயிண்ட் யார் பார்ப்பது?

  

தினமும் விடியற்காலையில் சொசைட்டி வாசலில் வரிசையில் நிற்கிறோம். நாம் ஊற்றுகிற பாலைச் சின்னக் குப்பியில் எடுக்கிறார்கள், மிஷினில் வைக்கிறார்கள். கொழுப்பு இத்தனை, எஸ்.என்.எப். இத்தனை என்று புள்ளிக்குப் பின்னால் இருக்கிற எண் வரைக்கும் பார்த்து எழுதுகிறார்கள். ஒரு பாயிண்ட் குறைந்தால் விலையை வெட்டுகிறார்கள். "என்னம்மா, தண்ணி கலந்தியா?" என்று நாலு பேர் முன்னால் கேட்கவும் செய்கிறார்கள். நாமும் தலையைக் குனிந்துகொண்டு கேனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறோம்.

சரி, பாலை அளக்கட்டும். அளப்பது தப்பு என்று நாங்கள் சொல்லவில்லை. நாங்கள் கேட்பது ஒரே ஒரு கேள்வி. அந்தப் பாலைக் கொடுத்த மாடு என்ன தின்றது? நாம் காசு கொடுத்து வாங்கிப் போட்ட மூட்டையை யார் அளந்தார்கள்? அதற்கு மிஷின் எங்கே? அதில் பாயிண்ட் குறைந்தால் யார் விலையை வெட்டுவது? யார் தலை குனிவது?

இந்தக் கேள்விக்குப் பதில் வாங்கத்தான் இந்தத் துண்டுப் பிரசுரம். படிக்கத் தெரிந்தவர்கள் படிக்கத் தெரியாதவர்களுக்கு டீக்கடையிலும் கோவில் திண்ணையிலும் உட்கார்ந்து படித்துக் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

எங்கள் ஊரில் நடந்தது

வடக்குத் தெருவில் ஒரு தாயார். வீட்டுக்காரர் இல்லை. மகளிர் குழுக் கடனில் வாங்கிய இரண்டு கலப்பினப் பசுக்கள்தான் அவர் சொத்து. ஒரு மாடு நாளுக்கு ஒன்பது லிட்டர் கறந்துகொண்டிருந்தது. கடைக்காரர் சொன்னார் என்று புதுசாக ஒரு கம்பெனித் தீவனம் வாங்கினார். சாக்கில் கொட்டை எழுத்தில் "புரதம் 20%" என்று அச்சடித்திருந்தது. விலையும் முன்பு வாங்கியதைவிடக் கொஞ்சம் குறைவு. யாருக்குத்தான் ஆசை வராது?

மூன்றே வாரத்தில் ஒன்பது லிட்டர் ஆறு லிட்டர் ஆனது. சொசைட்டியில் எஸ்.என்.எப். இறங்கிவிட்டது என்று விலையைக் குறைத்தார்கள். தாய்த் தொட்டியில் வாய் வைத்துப் பழகிய மூன்று மாதக் கன்று ஒருநாள் விடியற்காலையில் வயிறு உப்பிச் செத்துக் கிடந்தது. கன்று செத்தது தீவனத்தால்தான் என்று நாங்கள் இன்றைக்கும் அடித்துச் சொல்ல மாட்டோம். அறுத்துப் பார்க்கவில்லை, அதனால் தெரியாது. ஆனால் மற்றது தெரியும். அதைச் சொல்கிறோம்.

சங்கத்துக்கு வந்து சொன்னார். தீவனத்தில் ஒரு கிலோ எடுத்துக் கட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினோம். முடிவு வந்தது. புரதம் 20 சதவீதத்துக்குக் குறையவில்லை! "மூட்டை சரியாத்தான் இருக்கு, மாட்டைப் போய்ப் பாருங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எங்களுக்கே முகம் செத்துப் போனது. கடைக்காரர் எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

அப்போது ஒரு கால்நடை டாக்டர் மெதுவாக ஒரு வார்த்தை சொன்னார். "யூரியாவைத் தனியா டெஸ்ட் பண்ணச் சொன்னீங்களா?" இல்லை, சொல்லவில்லை. அப்படி ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது. மறுபடியும் பணம் கட்டி, மறுபடியும் அலைந்து, யூரியாவைப் பார்க்கச் சொன்னோம். ஒரு சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாத இடத்தில் இரண்டரை சதவீதம் இருந்தது.

விஷயம் அங்கேதான் வெளிச்சத்துக்கு வந்தது.

புரதக் கணக்கில் உள்ள ஓட்டை

புரதம் என்று சாக்கில் எழுதுகிறார்களே, அதை எப்படி அளக்கிறார்கள் என்று நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நாம் தெரிந்துகொள்ள வேண்டும். அளப்பது புரதத்தையே அல்ல. அதில் உள்ள நைட்ரஜனை, அதாவது தழைச்சத்தை. புரதத்தில் நூற்றுக்குப் பதினாறு பங்கு நைட்ரஜன் என்று ஒரு பொதுக் கணக்கு. ஆகவே வந்த நைட்ரஜனை 6.25 ஆல் பெருக்கி "கச்சாப் புரதம்" என்று எழுதிவிடுகிறார்கள். நைட்ரஜன் கடலைப் பிண்ணாக்கிலிருந்து வந்ததா, பட்டாணியிலிருந்து வந்ததா, நாம் வயலுக்குப் போடுகிற யூரியாவிலிருந்து வந்ததா என்று அந்தக் கணக்குக்குத் தெரியாது.

யூரியாவில் நைட்ரஜன் 46 சதவீதம். 6.25 ஆல் பெருக்கிப் பாருங்கள். 287 வருகிறது. அதாவது நூறு கிலோ தீவனத்தில் ஒரே ஒரு கிலோ யூரியாவைக் கலந்தால் சாக்கில் ஏறக்குறைய மூன்று பாயிண்ட் புரதம் ஏறிவிடுகிறது. இரண்டரை கிலோ கலந்தால் ஏழு பாயிண்டுக்கு மேல். அப்படியானால் அந்தத் தாயார் வாங்கிய 20 சதவீத மூட்டையில் உண்மையான புரதம் 13 கூட இல்லை. 13 சதவீதப் புரதம் என்பது என்ன? நம் வீட்டு அரிசித் தவிட்டில் இருப்பது. தவிட்டுக்குத் தீவன விலை கொடுத்திருக்கிறோம் தோழர்களே! இது பகற்கொள்ளை இல்லாமல் வேறு என்ன?

இந்த ஓட்டை நம் ஊரில் மட்டும் இல்லை. 2008ஆம் ஆண்டு சீனாவில் பாலில் தண்ணீரைக் கலந்துவிட்டு, நைட்ரஜன் கணக்கை ஏற்றிக் காட்ட மெலமின் என்ற ரசாயனத்தைச் சேர்த்தார்கள். மூன்று லட்சம் குழந்தைகள் அளவுக்குப் பாதிக்கப்பட்டன, ஆறு குழந்தைகள் செத்தன. அங்கே ஏமாற்றியதும் இதே நைட்ரஜன் கணக்கைத்தான். குழந்தைகள் செத்த பிறகு உலகமே விழித்துக்கொண்டது. நம் கன்று செத்தால் யார் விழிப்பார்கள்?

யூரியாவே விஷம் என்று நாங்கள் சொல்லவில்லை. அசைபோடுகிற பெரிய மாட்டின் முதல் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் கொஞ்சம் யூரியாவைத் தின்று புரதமாக மாற்றிக்கொள்ளும். கூடவே மாவுச்சத்து வேண்டும், அளவு தாண்டக்கூடாது. வைக்கோலை யூரியாக் கரைசல் தெளித்து மூடி வைத்துப் பதப்படுத்தும் முறையை அரசாங்கமே சொல்லிக் கொடுக்கிறது. அது நல்ல முறைதான். ஆனால் கன்றுக்குட்டிக்கு யூரியா ஆகாது. அளவு தாண்டினால் பெரிய மாடும் வயிறு உப்பி, நுரை தள்ளி, உடம்பு நடுங்கி விழும். மாடு தின்பது யூரியா என்று தெரிந்தால்தானே அளவு பார்த்துப் போடுவோம்? சாக்கில் அதை எழுதாமல் "புரதம்" என்று எழுதி விற்பதைத்தான் மோசடி என்கிறோம்.

இன்னொன்றையும் யோசியுங்கள். நம் நெல்லுக்கு மேலுரம் போட ஒரு மூட்டை யூரியாவுக்கு வரிசையில் நிற்கிறோம், ஆதார் அட்டை காட்டுகிறோம், கைரேகை வைக்கிறோம். மானிய யூரியா தீவனத்துக்கும் தொழிற்சாலைக்கும் திருட்டுத்தனமாகப் போகிறது என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டிருக்கிறது. விவசாயி பெயரைச் சொல்லி வந்த மானியம், விவசாயியின் மாட்டையே ஏமாற்றப் போகிறது.

உண்மையான புரதம் எது?

இப்போது கடைகளில் புதுப் பேச்சு ஒன்று கேட்கிறது. "பட்டாணி போட்ட தீவனம், பட்டாணிப் புரதம்" என்கிறார்கள். நல்லதா, கெட்டதா என்று சங்கத்துக்கு வந்து பலரும் கேட்கிறார்கள். நாங்கள் விசாரித்த வரையில் சொல்கிறோம்.

காய்ந்த பட்டாணி மாட்டுக்கு நல்ல தீவனம். இதில் சந்தேகம் வேண்டாம். அதில் புரதம் 22 சதவீதம் சுமாருக்கு இருக்கிறது. நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் மாவுச்சத்தும் இருக்கிறது. பிண்ணாக்கு செய்கிற வேலையில் பாதியையும் மக்காச்சோளம் செய்கிற வேலையில் பாதியையும் ஒரே தானியம் செய்கிறது.  பட்டாணியை உடைத்து அப்படியே போடலாம். லைசின் என்ற சத்து பட்டாணியில் நிறைய, தானியங்களில் அது குறைவு. மெத்தியோனின் என்ற சத்து பட்டாணியில் குறைவு, தானியத்தோடு சேர்த்தால் சரியாகிவிடும். நம் ஆத்தாமார்கள் அரிசியையும் உளுந்தையும் சேர்த்து இட்லி ஊற்றியதும் இதே கணக்குத்தான்.

குறையையும் சொல்லிவிடுகிறோம். பட்டாணிப் புரதம் மாட்டின் முதல் வயிற்றிலேயே பெரும்பகுதி கரைந்துவிடும். பத்து லிட்டருக்கு மேல் கறக்கிற மாட்டுக்குப் பட்டாணியை மட்டும் நம்பக்கூடாது. கூடவே பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கோ தேங்காய்ப் பிண்ணாக்கோ வேண்டும். ஒரே நாளில் அள்ளிக் கொட்டவும் கூடாது, மாவுச்சத்து அதிகமாகி வயிறு கெடும். கலப்புத் தீவனத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குள் நிறுத்திக்கொண்டால் பயம் இல்லை.

எல்லாவற்றையும்விட முக்கியம், பட்டாணி வேறு, பட்டாணிப் பொட்டு வேறு. மில்லில் பருப்பு உடைத்தபின் மிஞ்சுகிற தோலில் நார்தான் அதிகம். பருப்பில் உள்ள புரதத்தில் பாதி தேறுவதே கஷ்டம். "பட்டாணித் தீவனம்" என்று சொல்லித் தோலைத் தள்ளிவிடுகிற ஆட்களும் இருக்கிறார்கள். சாக்கைப் பிரித்துக் கையில் அள்ளிப் பாருங்கள். பருப்பு உடைசல் தெரிகிறதா, வெறும் தோல் பறக்கிறதா என்று உங்கள் கண்ணுக்கே தெரியும்.

விலைக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மூன்று கிலோ பட்டாணி என்பது ஏறக்குறைய இரண்டு கிலோ மக்காச்சோளமும் ஒரு கிலோ கடலைப் பிண்ணாக்கும் சேர்ந்ததற்குச் சமம். உங்கள் ஊர்க் கடையில் அந்த மூன்று கிலோவுக்கு என்ன விலை வருகிறதோ, பட்டாணி அதைவிடக் குறைவாகக் கிடைத்தால் வாங்குங்கள். அதிகம் என்றால் திரும்பிப் பார்க்காதீர்கள். மூட்டையின் படத்துக்கும் நடிகர் விளம்பரத்துக்கும் மாடு பால் கறக்காது.

மாட்டுக்கு எவ்வளவு வேண்டும்?

பத்து லிட்டர் கறக்கிற பசுவுக்கு உடம்பைக் காக்க ஒன்றரை கிலோ, இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ வீதம் நாலு கிலோ, ஆக ஐந்தரை கிலோ அடர்தீவனம் போடச் சொல்கிறார்கள். 20 சதவீதம் உண்மைப் புரதம் இருந்தால் அதில் 1 கிலோ 100 கிராம் புரதம் வரும். ஆறு கிலோ வைக்கோலில் இன்னொரு 200 கிராம். மாட்டுக்குத் தேவை ஏறக்குறைய அவ்வளவுதான். ஆனால் நாம் வாங்கிய மூட்டையில் 13 சதவீதம்தான் இருந்தால்? 700 கிராம்தான் உள்ளே போகிறது. நாளுக்கு நானூறு கிராம் பற்றாக்குறை. மாடு முதலில் தன் உடம்பைக் கரைத்துப் பால் கொடுக்கும். பிறகு பாலைக் குறைக்கும். பிறகு சினை பிடிக்காது. "மாடு ராசியில்லை" என்று சந்தைக்கு ஓட்டுவோம். அந்தத் தாயாரும் குழுக் கடன் தவணைக்காக ஒரு மாட்டைத் தரகரிடம் வந்த விலைக்குக் கொடுத்தார். மாட்டுக்கு ராசி இருந்தது. மூட்டைக்கு நேர்மை இல்லை.

கடைக்காரர் என்ன செய்தார் என்று கேட்கிறீர்களா? வேறு ஒரு மூட்டை கொடுத்தார். அவ்வளவுதான்.

சட்டம் எங்கே போனது?

மாட்டுத் தீவனத்துக்கு ஐ.எஸ். 2052 என்று ஒரு தரக் குறிப்பு இருக்கிறது. 2009ல் அதைத் திருத்தியபோது முதல் ரகத்துக்கு 22 சதவீதம், இரண்டாம் ரகத்துக்கு 20 சதவீதம் புரதம், யூரியா ஒரு சதவீதத்துக்கு மேல் கூடாது என்று எழுதினார்கள். தாளில் எல்லாம் அழகாக இருக்கிறது. அந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு நம் ஊர்த் தீவனக் கடைக்கு ஒரு அதிகாரி வந்து சாம்பிள் எடுத்ததைப் பார்த்தவர்கள் கையைத் தூக்குங்கள். நாங்கள் கூட்டத்தில் கேட்டோம், ஒரு கையும் தூக்கவில்லை.

விதைக்குச் சட்டம், உரத்துக்குச் சட்டம், பூச்சிமருந்துக்குச் சட்டம் என்று பெயரளவுக்காவது ஆய்வாளர் வருகிறார். பாலுக்கு மிஷின் இருக்கிறது. நடுவில் தீவனம் மட்டும் அநாதையாக நிற்கிறது. அந்த இடத்தில்தான் நம் பணம் ஒழுகுகிறது. 2023 டிசம்பரில் ஊக்கத்தொகை என்று லிட்டருக்கு மூன்று ரூபாய் சேர்த்துப் பசும்பாலுக்கு 38 ரூபாய் ஆக்கினார்கள். போராடி வாங்கிய மூன்று ரூபாய் அது! ஒரு பக்கம் மூன்று ரூபாய் ஏறுகிறது, இன்னொரு பக்கம் மூட்டையில் ஏழு பாயிண்ட் காணாமல் போகிறது. ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றினால் எப்போது நிரம்பும்?

பயறு போனால் தீவனமும் போகும்

பட்டாணி நம் சமவெளியில் விளையாது. ஊட்டி, கொடைக்கானல் மலையில் காய்க்காக விளைகிறது, அவ்வளவுதான். காய்ந்த மஞ்சள் பட்டாணி பெரும்பாலும் கனடாவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் கப்பலில் வருகிறது. அதன் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

2017 நவம்பரில் மத்திய அரசு பட்டாணிக்கு 50 சதவீத வரி போட்டது. 2019 டிசம்பரில் கிலோ 200 ரூபாய்க்குக் குறைந்து இறக்குமதி செய்யக்கூடாது என்று கதவை அடைத்தது. 2023 டிசம்பரில் ஒரே அடியாக வரியே இல்லை என்று கதவைத் திறந்துவிட்டது. சில மாதங்களுக்குத்தான் என்று சொல்லித் திறந்த கதவை நீட்டிக்கொண்டே போனார்கள். 2024-25ல் மட்டும் 20 லட்சம் டன்னுக்கு மேல் வந்து குவிந்தது. பயறு விவசாயிகள் கதறினார்கள், 2025 செப்டம்பரில் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 நவம்பர் 1 முதல் 30 சதவீத வரி என்றார்கள். ஒருநாள் அடைப்பு, ஒருநாள் திறப்பு. விதைக்கிறவன் எதை நம்பி விதைப்பான்?

"தீவனத்துக்குப் பட்டாணி மலிவாக வந்தால் மாட்டுக்காரனுக்கு லாபம்தானே?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, பதில் சொல்கிறோம். டெல்டாவில் தை மாதம் நெல் அறுப்பதற்கு ஒரு வாரம் முன்னால் ஈரத்தில் உளுந்தையும் பச்சைப்பயறையும் தெளிக்கிறோம். உரம் இல்லை, உழவு இல்லை, பனியிலேயே விளைகிற பயிர். உளுந்தை விற்கிறோம். கொடி மாட்டுக்குப் போகிறது. வைக்கோலைப் போல இரண்டு மூன்று மடங்கு புரதம் அந்தக் கொடியில் இருக்கிறது, காசு கொடுக்காமல் கிடைக்கிறது. மில்லில் உடைத்த பொட்டும் மாட்டுக்குத்தான் போகிறது. மலிவுப் பட்டாணி வந்து பயறு விலை மொத்தமும் விழுந்தால் உளுந்து தெளிப்பதை நிறுத்துவோம். உளுந்து நின்றால் கொடி நின்றது, பொட்டு நின்றது. அதன்பிறகு கப்பல் வந்தால்தான் மாட்டுக்குச் சாப்பாடு. கப்பல் நின்றால்?

கப்பல் நிற்கும் என்பதற்கு உலகத்தில் சாட்சி இருக்கிறது. 1973 ஜூன் மாதம் அமெரிக்கா திடீரென்று சோயா ஏற்றுமதியைத் தடை செய்தது. அமெரிக்கச் சோயாவை நம்பிப் பன்றியும் மாடும் கோழியும் வளர்த்த ஐரோப்பா ஆடிப்போனது. தடை சீக்கிரமே தளர்ந்தாலும் அவர்கள் பாடத்தை மறக்கவில்லை. சொந்த நிலத்திலேயே பட்டாணியும் மொச்சை வகையும் விளைவிக்க விவசாயிகளுக்குப் பண உதவி கொடுத்தார்கள். 1990களின் தொடக்கத்தில் பிரான்சில் மட்டும் ஏழு லட்சம் ஹெக்டேர் அளவுக்குப் பட்டாணி விளைந்தது, பெரும்பகுதி கால்நடைத் தீவனத்துக்கு. பிறகு அரசு ஆதரவு குறைந்தது, வேரழுகல் நோயும் வந்தது, பரப்பு சரிந்தது. இதிலிருந்து நாம் கற்க வேண்டியது இரண்டு. அரசாங்கம் நினைத்தால் புரதத்தை நம் மண்ணிலேயே விளைவிக்கலாம். அரசாங்கம் கையை எடுத்தால் விளைந்ததும் போய்விடும்.

பட்டாணிக்கும் நம் தட்டைப்பயறுக்கும், உளுந்துக்கும், கொள்ளுக்கும் ஒரே குலம். காற்றில் உள்ள தழைச்சத்தை வேரில் பிடித்துப் புரதமாக்குகிற குலம். "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று சொன்ன பாட்டன்மார்கள் குதிரைக்குக் கொள்ளு வைத்தார்கள். அவர்களுக்கு நைட்ரஜன் கணக்கு தெரியாது. ஆனால் எதில் சத்து இருக்கிறது என்று தெரியும்.

நாம் செய்ய வேண்டியது

அரசாங்கத்தைத் திட்டிவிட்டுச் சும்மா இருந்தால் மாடு பட்டினிதான். நம் கையில் இருப்பதை நாம் செய்வோம்.

வரப்பிலும் வேலியிலும் அகத்தி, வேலிமசால் வையுங்கள். இவற்றின் காய்ந்த தழையில் இருபது சதவீதம் சுமாருக்குப் புரதம் இருக்கிறது. சோளத்தட்டை விதைக்கும்போது நடுநடுவே தட்டைப்பயறு போடுங்கள். உளுந்துக் கொடியை வயலில் எரிக்காதீர்கள், போர் போடுங்கள்.

பத்து வீடு சேர்ந்தால் தீவனத்தை நாமே கலக்கலாம். எங்கள் கிளையில் கலக்கிற நூறு கிலோ கணக்கு இது. உடைத்த மக்காச்சோளம் 30 கிலோ, கடலைப் பிண்ணாக்கு 25, கோதுமைத் தவிடு 20, அரிசித் தவிடு 12, உளுந்தம்பொட்டு 10, தாது உப்புக் கலவை 2, சாப்பாட்டு உப்பு 1. புரதம் பத்தொன்பதரை வரும். பட்டாணி மலிவாகக் கிடைக்கிற சமயம் மக்காச்சோளத்தில் 10 கிலோ, பிண்ணாக்கில் 5 கிலோ எடுத்துவிட்டு 15 கிலோ பட்டாணியை உடைத்துப் போடலாம். புரதம் குறையாது. சாக்கில் எழுதுகிற 20க்குக் கொஞ்சம் கீழேதான் நிற்கும். ஆனால் இதில் ஒரு மணி யூரியா கிடையாது. பிண்ணாக்கு பூசணம் பிடிக்காததாகப் பார்த்து வாங்குங்கள். பழைய தீவனத்திலிருந்து புதுசுக்கு மாற்றும்போது ஒரு வாரம் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள்.

கம்பெனி மூட்டை வாங்கினால் ரசீது கேளுங்கள். சாக்கைத் தூக்கி எறியாதீர்கள். சந்தேகம் வந்தால் அரைக் கிலோவைக் கட்டித் தேதி எழுதி வையுங்கள். பரிசோதனைக்குக் கொடுக்கும்போது "புரதத்தோடு யூரியாவையும் பாருங்கள்" என்று எழுதிக் கொடுங்கள். நாங்கள் ஒருமுறை ஏமாந்தது போதும்.

எங்கள் கோரிக்கைகள்

1. ஒவ்வொரு தீவன மூட்டையிலும் என்னென்ன பொருள், உண்மைப் புரதம் எவ்வளவு, சேர்த்த யூரியா எவ்வளவு, தயாரித்த தேதி என்ன என்று தமிழில் அச்சடிக்க வேண்டும். யூரியா சேர்த்த மூட்டையில் "கன்றுக்குக் கொடுக்காதீர்" என்று சிவப்பு எழுத்தில் போட வேண்டும்.

2. தர முத்திரை இல்லாத தீவனத்தை விற்கத் தடை வேண்டும். மாதந்தோறும் கடைகளில் சாம்பிள் எடுத்து, முடிவை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும்.

3. சிறு குறு விவசாயிகளின் தீவனத்தை மாவட்டந்தோறும் இலவசமாகப் பரிசோதித்து ஏழு நாளில் முடிவு தர வேண்டும். புரதப் பரிசோதனையோடு யூரியாப் பரிசோதனையும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

4. கலப்படத் தீவனத்தால் மாடு நஷ்டப்பட்டால் தயாரித்த கம்பெனி இழப்பீடு தர வேண்டும். வேறு மூட்டை கொடுத்துக் கணக்கை முடிக்கக்கூடாது.

5. பால் கொள்முதல் விலையைத் தீவன விலையோடு இணைத்து ஆண்டுக்கு இரண்டு முறை நிர்ணயிக்க வேண்டும். அந்தக் குழுவில் பால் ஊற்றுகிற பெண்களும் இருக்க வேண்டும்.

6. தரிசு உளுந்து, பச்சைப்பயறு அறுவடையாகும் பங்குனி, சித்திரையில் கொள்முதல் நிலையம் திறந்திருக்க வேண்டும். 2025-26க்கு உளுந்து குவிண்டால் 7,800 ரூபாய், பச்சைப்பயறு 8,768 ரூபாய் என்று அறிவித்தார்கள். அறிவித்த விலை களத்துமேட்டுக்கு வந்து சேர வேண்டும்.

7. பயறு இறக்குமதி வரியை நம் அறுவடை நேரத்தில் தளர்த்தக்கூடாது. மாற்றுவதானால் விதைப்புக்கு முன்பே சொல்ல வேண்டும்.

8. தட்டைப்பயறு, வேலிமசால், குதிரைமசால் விதையைப் பால் சொசைட்டி மூலம் மானியத்தில் கொடுக்க வேண்டும்.

சாக்கோடு வாருங்கள்!

மாட்டுப்பொங்கல் கழித்து வருகிற முதல் திங்கட்கிழமை காலை 10 மணிக்கு, கால்நடை பராமரிப்புத் துறை மண்டல இணை இயக்குநர் அலுவலகம் முன்பு நம் சங்கத்தின் ஆர்ப்பாட்டம். கொடி சங்கம் கொண்டு வரும். நீங்கள் ஆளுக்கு ஒரு காலித் தீவனச் சாக்கு கொண்டு வாருங்கள். எழுத்து உள்ள பக்கம் வெளியே தெரியும்படி பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்போம். எந்தச் சாக்கில் என்ன எழுதியிருக்கிறது, எந்தச் சாக்கில் ஒன்றுமே எழுதவில்லை என்று அதிகாரிகள் வெளியே வந்து படித்துப் பார்க்கட்டும். தினமும் நம் பாலைப் படிக்கிறவர்கள் ஒருநாள் அந்தச் சாக்கைப் படிக்கட்டும்.

வடக்குத் தெருத் தாயாரும் வருகிறார். ஒரு மாடு போனது, ஒரு மாடு இருக்கிறது. அந்தச் சாக்கை அவர் இன்னும் மடித்து வைத்திருக்கிறார்.

பாலை அளக்கும் அரசே, தீவனத்தையும் அளந்து காட்டு!
யூரியாவைப் புரதம் என்று விற்காதே!
உழவன் பயறுக்கு விலை கொடு, உழவன் மாட்டுக்கு உண்மைத் தீவனம் கொடு!

இவண்,
செயலாளர்,
விவசாயிகள் சங்கம்